எழுந்து நின்று சொல்லுங்கள்

ஓட்டுக் கேட்டு வீடு வீடாக வருகிறவர்களை வெஸ்ட்ஹோவன் ஊர் சலிக்கச் சலிக்கப் பார்த்திருக்கிறது. அமெரிக்க ஜனாதிபதி ஆக ஆசைப்படுகிற எவனாக இருந்தாலும் முதலில் அயோவாவுக்கு வந்துதான் கும்பிடு போட வேண்டும். சோளக்காட்டில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும், பன்றிக் கொட்டடியில் மூக்கைச் சுளிக்காமல் சிரிக்க வேண்டும். இதெல்லாம் அந்த ஊருக்குப் பழகிப்போன கூத்து. ஆனால் வாங்கின ஓட்டைத் திருப்பிக் கொடுக்க ஒருத்தி வீடு வீடாக அலைந்ததை அது அந்த ஜனவரியில்தான் முதன்முதலாகப் பார்த்தது.

அவள் பெயர் மார்லிஸ். அறுபத்திரண்டு வயது. முப்பது வருடம் ஊர்த் தபால் ஆபீஸ் கவுண்டரில் நின்றவள். யாருக்கு எங்கிருந்து கடிதம் வருகிறது, யாருக்கு வரவேண்டியது வரவில்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. தெரிந்த எதையும் அவள் வெளியே விட்டதில்லை. அதனால் அபூர்வமாக அவள் வாயைத் திறந்து ஒன்று சொன்னால் ஊர் அதைக் கேட்டது.

ஆகஸ்டு மாதம் கவர்னர் கார்வெல் அவள் சமையலறைக்கு வந்தார். கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராகப் போட்டியிட்ட பதினோரு பேரில் அவரும் ஒருவர். ஆப்பிள் கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டார், மூன்றாவதற்கும் கை நீட்டினார். மார்லிஸ் தட்டை நகர்த்தி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"கவர்னர், எனக்கு ஒரே ஒரு கேள்விதான். நீங்க ஜெயிச்சு வந்தா, பிடிச்சு வச்சிருக்கிற கைதியைச் சித்திரவதை பண்ணுவீங்களா?"

"மாட்டேன்மா." உள்ளங்கையை மேசையில் பதித்தார் கார்வெல். "எவ்வளவு பெரிய ஆபத்து வந்தாலும் சரி. என் கையெழுத்துல அது நடக்காது. போதுமா?"

அவளுக்குப் போதும். மறுநாளே அவருக்காக வேலை பார்க்க ஒப்புக்கொண்டாள். தேர்தல் குழு அவள் கையில் ஒரு கட்டு அட்டை கொடுத்தது. 'நான் கார்வெலுக்கு ஓட்டுப் போடுவேன்' என்று அச்சடித்து, கீழே கையெழுத்துப் போட இடம் விட்டிருந்த அட்டைகள். மார்லிஸ் நாற்பத்தொரு வீட்டில் கையெழுத்து வாங்கி அட்டைகளைத் தன்னிடமே வைத்திருந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னாள்: "அந்த ஆள் என் மேசையில கை வச்சுச் சொல்லியிருக்காரு. நான் பொறுப்பு."

பிறகு ஜனவரி வந்தது. ஓட்டுக் கூட்டம் திங்கட்கிழமை. அதற்கு முந்தின வியாழக்கிழமை டிவியில் வேட்பாளர்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். கருத்துக் கணிப்பில் கார்வெல் மூன்றாம் இடத்துக்குச் சறுக்கியிருந்த வாரம் அது. பக்கத்தில் நின்றவன், பயங்கரவாதியின் முகத்தில் துணி போட்டுத் தண்ணீர் ஊற்றுவதைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று முழங்கினான். அரங்கமே கைதட்டியது. அடுத்து கார்வெல் பக்கம் மைக் திரும்பியது. கைதட்டல் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு நொடி காது கொடுத்துக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "தண்ணி ஊத்துறது மட்டுமா? அதுக்கு மேலயும் போவேன். இந்த நாட்டுக் குழந்தைகளைக் காப்பாத்த எது வேணும்னாலும் செய்வேன்."

மார்லிஸ் டிவியை அணைத்தாள். கணவன் ஹார்லன் பன்றிப் பண்ணைக்காரன். சாய்வு நாற்காலியில் அரைத் தூக்கத்தில் கிடந்தவன் கண்ணைத் திறந்தான்.

"ஏன் அணைச்சே? பன்றி இறைச்சி ஏற்றுமதி பத்திப் பேசுவான்னு பார்த்துட்டு இருந்தேன்."

"பொய் சொல்லிட்டான்யா. நம்ம வீட்டு மேசையில உக்காந்து பொய் சொல்லியிருக்கான்."

"அரசியல்வாதி பொய் சொன்னான்னு நீ கோபப்படுறது, பன்றி சேத்துல படுத்துச்சுன்னு கோபப்படுற மாதிரி."

"அவன் படுத்தா படுத்துட்டுப் போறான். நாப்பத்தொரு வீட்டுல நான்ல போய்ப் பொறுப்புன்னு சொன்னேன்!"

அவளுடைய கோபத்துக்கு அது பாதிக் காரணம்தான். மீதியை அவள் ஹார்லனிடம்கூடச் சொன்னதில்லை.

மார்லிஸின் அப்பா கெரிட் வீன்ஸ்ட்ரா யுத்தம் முடிந்து ஹாலந்திலிருந்து கப்பலேறி வந்தவர். இடது கையில் இரண்டு விரல் மடங்காது. ஜெர்மன்காரர்கள் அவரைப் பிடித்து நான்கு நாள் வைத்திருந்து வெளியே விட்டார்கள் என்பது ஊருக்குத் தெரியும். அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதும் ஊருக்குத் தெரியும். அதை அவர் சொல்லித் தெரிந்ததல்ல; ஊராகத் தெரிந்துகொண்டது. ஒவ்வொரு மே மாதமும் துலிப் பூத் திருவிழா ஊர்வலத்தில் முதல் வண்டியில் அவரைத்தான் உட்காரவைத்தார்கள். அவர் செத்துப் பத்து வருடம் ஆன பிறகும் முதல் வண்டியில் அவர் படம் போகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதற்கு சல்யூட் வைக்கின்றன.

ஊர்வலம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு வருடமும் அவருக்கு வாந்தி வரும். திருவிழா சாஸேஜ் ஒத்துக்கொள்ளவில்லை என்று மார்லிஸ் நினைத்துக்கொள்வாள். அவளுக்கு நாற்பது வயதான வருடம், அவள்தான் அவரைக் காரில் கூட்டி வந்துகொண்டிருந்தாள். பட்டப்பகல். சாலை ஓரத்தில் நிறுத்தச் சொன்னார். வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "நான் பேசினேன். நாலாம் நாள்" என்றார். முழுவதையும் அங்கேயே சொன்னார். சொல்லி முடித்ததும், "வண்டியை எடு" என்றார். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் உயிரோடு இருந்தார். ஒருநாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அவளும் எடுத்ததில்லை. தெரிந்ததை வெளியே விடாதவள் அல்லவா.

ஆக அவள் கையில் இரண்டு இருந்தன. நாற்பத்தொரு வீட்டுக்குக் கொடுத்த வாக்கு ஒன்று. அப்பாவின் பெயர் இன்னொன்று. முதலாவதைக் காப்பாற்ற இரண்டாவதைச் செலவழிக்க வேண்டி வரலாம் என்று வியாழக்கிழமை அவளுக்குத் தோன்றவில்லை. அட்டையைத் திருப்பிக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது என்றுதான் நினைத்தாள்.

அவளிடம் இருந்தது இரண்டே நாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் ஓய்வுக்கும் மட்டுமான நாள்; அந்த ஊரில் துணி காயப்போட்டாலே எதிர்வீட்டு ஜன்னல் திரை விலகும். அன்றைக்கு அரசியலோடு எவர் வாசலிலும் ஏற முடியாது. வெள்ளிக்கிழமை காலை முழங்கால் பனியில் கிளம்பினாள். முதல் அட்டையை வீட்டை விட்டு இறங்குமுன்பே கொடுத்தாள்.

"எனக்குமா?" என்றான் ஹார்லன்.

"உனக்கும்தான். இனிமே உன் ஓட்டு உன் பாடு."

"நான் அவனுக்குத்தான் போடுவேன் மார்லிஸ். ஏற்றுமதி விஷயத்துல அவன் ஒருத்தன்தான் உருப்படியாப் பேசுறான்."

"போட்டுக்க. என்னால போட்டேன்னு மட்டும் சொல்லாத."

எல்லா வீட்டிலும் இதேதான். கதவைத் தட்டுவது, உள்ளே வரச் சொன்னாலும் வாசல்படியிலேயே நின்று அட்டையை நீட்டுவது. "நான் பொறுப்புன்னு சொன்னேன். அந்தாளு வாக்கு மாறிட்டாரு. என் வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கிறேன்." சிலர் வருத்தப்பட்டார்கள், சிலர் காபி கொடுத்தார்கள். "நீ சொல்லித்தான் கையெழுத்துப் போட்டேன், இப்ப நீ சொல்லி வாபஸ் வாங்கணுமா? என்னை என்ன தபால் பெட்டின்னு நினைச்சியா?" என்று ஒரு கிழவர் கதவைச் சாத்தினார். அவர் சொன்னதில் தப்பில்லை என்றே மார்லிஸுக்குப் பட்டது. அட்டையைக் கதவிடுக்கில் செருகிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

தானியக் கிடங்கு வைத்திருந்த டுவேன் ரூலப்ஸ் அட்டையைத் தொடவே இல்லை. பள்ளியில் அவளோடு படித்தவன். அவனுடைய மகன் பாலைவனத்து யுத்தத்தில் சாலைக் குண்டுக்கு ஒரு காலைக் கொடுத்துவிட்டு வந்தவன்.

"எனக்கு அந்தாளை வியாழக்கிழமைதான் முதல்முதலாப் பிடிச்சுது. நீ எடுத்துட்டுப் போ" என்றான் டுவேன்.

"டுவேன்..."

"என் பையன் காலைப் பறிச்சவன் மூஞ்சியில ரெண்டு குடம் தண்ணி ஊத்தினா உனக்கு எங்க வலிக்குது?"

"அவன்தான் பறிச்சான்னு யாரு சொல்லுவா?"

"தண்ணி ஊத்தினா அவனே சொல்லுவான்" என்று சொல்லிவிட்டு டுவேன் லாரியை எடைபோடப் போய்விட்டான். மார்லிஸ் அட்டையை அவன் மேசையில் காபிக் கோப்பைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை மாலைக்குள் தேர்தல் குழுவுக்குச் செய்தி எட்டிவிட்டது. குழுவின் ஆள் ட்ராவிஸ் தெற்கத்தி ஜார்ஜியாக்காரன், நாற்பது வயது; பனியில் நடக்கத் தெரியாத பளபளப்பு ஷூக்காரன். அவள் வாசலில் இரண்டு முறை வழுக்கி எழுந்து உள்ளே வந்தான்.

"மேடம், வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைக்கிறீங்களே!"

"உடைச்சது நான் இல்ல தம்பி. உங்க கவர்னர்."

"அவர் நிலைப்பாடு மாறல மேடம். அழுத்தம்தான் கொஞ்சம் மாறியிருக்கு. 'எது வேணும்னாலும்'னா சட்டத்துக்கு உட்பட்டுத்தான். மேடையில எல்லாத்தையும் விளக்க முப்பது செகண்டுதானே கொடுக்கிறாங்க?"

"'மாட்டேன்'னு சொல்ல அரை செகண்டு போதும். ஆகஸ்டுல என் வீட்டுல சொன்னாரே, கேக்கை மென்னுக்கிட்டே."

ட்ராவிஸ் பூசி மெழுகிப் பார்த்தான். கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாகப் பேசுவதற்கே சம்பளம் வாங்குகிறவன். அவளிடம் எதுவும் எடுபடவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தினான்.

"திங்கட்கிழமை நீங்க அவருக்காகப் பேச வேண்டாம். எதிரா மட்டும் பேசாதீங்க. இந்த ஊர்ல உங்க குடும்பத்துக்கு ஒரு பேர் இருக்கு. உங்க அப்பா யாருன்னு எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட வீரரோட மகள் நாட்டுப் பாதுகாப்புக்கு எதிராப் பேசினா நல்லாவா இருக்கும்?"

மார்லிஸ் கதவைத் திறந்து பிடித்தாள். "படியில பார்த்து இறங்குங்க" என்றாள். அவன் போனதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கோபமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு ஆரம்பப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம். அயோவாவில் ஓட்டு அப்படித்தான்: கட்சியின் வேட்பாளர் யார் என்று சொல்ல ஊரிலுள்ள கட்சிக்காரர்கள் ஓரிடத்தில் கூடுவார்கள், ஆளுக்கு ஆள் எழுந்து தன் வேட்பாளருக்காகப் பேசுவார், பிறகு துண்டுச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். ஏழு வயதுப் பிள்ளைகளுக்கான குட்டி ஸ்டூல்களில் நூற்றுப் பதினெட்டுப் பெரியவர்கள் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் ஆல்வின், இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட், திருவிழாக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். ஊரில் எதற்கெல்லாம் நாற்காலி இருக்கிறதோ அதற்கெல்லாம் அவர்தான் தலைவர்.

"கார்வெலுக்காக யார் பேசறாங்க?" என்று ஆல்வின் கேட்டதும் எல்லாத் தலையும் மார்லிஸ் பக்கம் திரும்பியது. அவள் அசையவில்லை. ட்ராவிஸ் எழுந்து கவர்னர் எழுதிய கடிதம் ஒன்றை வாசித்தான். சோளம், குழந்தைகள், கடவுள், பாதுகாப்பு எல்லாம் அதில் இருந்தன.

ஐஸ்கிரீம் வாளியில் சீட்டுகளை வாங்கி எல்லோர் கண்ணுக்கும் முன்னால் எண்ணினார்கள். கார்வெல் முதலிடம். நாற்பத்தொன்பது ஓட்டு.

மார்லிஸுக்கு முகம் சுட்டது. இரண்டு நாள் பனியில் நடந்து அவள் திருப்பிக் கொடுத்த ஓட்டெல்லாம் வாளி வழியாக அவனிடமே திரும்பிப் போய்விட்டது. டிவியில் அவன் பேசியதைக் கேட்டும் போட்டார்களா, கேட்டதனாலேயே போட்டார்களா? ட்ராவிஸ் யாருக்கோ போனில் சிரித்துக்கொண்டிருந்தான். ஜனம் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியது.

பெரும்பாலோருக்குத் தெரியாத, தெரிந்தாலும் மதிக்காத ஒன்று அதற்குப் பிறகு உண்டு. ஓட்டு முடிந்ததும் கட்சியின் கொள்கையில் சேர்க்கச் சொல்லி எவரும் ஒரு தீர்மானம் கொண்டு வரலாம். நிறைவேறினால் அது மாவட்டத்துக்குப் போகும், அங்கிருந்து மேலே போகும். வழக்கமாக யாராவது நாய்களுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று ஒன்று கொண்டு வருவார்கள், கேட்பதற்குப் பத்துப் பேர் இருப்பார்கள். அன்றைக்குப் பனிப்புழுதி அடங்கட்டும் என்று முப்பத்தேழு பேர் தங்கியிருந்தார்கள்.

"தீர்மானம் ஏதாவது உண்டா? இல்லன்னா வீட்டுக்குப் போலாம்" என்று ஆல்வின் ஃபைலை மூடினார்.

"உண்டு" என்று மார்லிஸ் எழுந்தாள். ஒரு காகிதத்தைப் பிரித்து வாசித்தாள். "நம் நாட்டின் பிடியில் இருக்கும் எவரையும், எவர் உத்தரவிட்டாலும், சித்திரவதை செய்யக் கூடாது. செய்வேன் என்று சொல்பவரை இந்தக் கட்சி வேட்பாளராக ஏற்கக் கூடாது."

ட்ராவிஸ் போனைக் காதிலிருந்து எடுத்தான்.

"மார்லிஸ்," என்றார் ஆல்வின் கெஞ்சலாக, "இப்பத்தான் அவர் இங்க ஜெயிச்சிருக்காரு."

"தெரியும். நானும் இங்கதான் உக்காந்திருந்தேன். தீர்மானத்தை எடுத்துக்கிறீங்களா இல்லையா?"

டுவேன் ரூலப்ஸ் எழுந்தான். அவனிடம் ஒளிவு மறைவு கிடையாது. அது ஒன்றுதான் அவனிடம் மார்லிஸுக்கு எப்போதும் பிடித்தது.

"நான் எதிர்க்கிறேன். ஒருத்தன் எங்கயோ குண்டு வச்சிருக்கான். நம்ம பிள்ளைங்க இருக்கிற இடத்துல. அவன் நம்ம கையில சிக்கிட்டான். அவனுக்குக் காபி கொடுத்து, 'ஐயா, சொல்லுங்க'ன்னு நிப்பியா நீ? சரி, அதை விடு. உங்க அப்பாவையே எடுத்துக்க. ஜெர்மன்காரன் நாலு நாள் வச்சு விரலை ஒடிச்சான். அவர் வாயைத் திறந்தாரா? ஒரு வார்த்தை? எண்பத்து நாலு வயசு வரைக்கும் நல்லா இருந்துட்டுத்தானே போனாரு? நெஞ்சுல உரம் உள்ளவன் தாங்கிப்பான். தப்புப் பண்ணினவன்தான் உளறுவான். உளறட்டும்!"

பின்வரிசையில் கைதட்டினார்கள். யாரோ, "கெரிட்டுக்காக!" என்றுகூடக் கத்தினார்கள்.

இனி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். அப்பாவின் படம் வண்டியில் போய்க்கொண்டே இருக்கும். மார்லிஸ் உட்காரவில்லை.

"திறந்தாரு" என்றாள்.

"என்ன?"

"வாயைத் திறந்தாரு டுவேன். நாலாம் நாள்." அவள் குரல் தபால் ஆபீஸ் கவுண்டரில் பெயர் கூப்பிடுகிற குரலாக நிமிர்ந்தது. "ஜெர்மன்காரனுக்கு எதிரா ரகசியமாப் பத்திரிகை யாரு அச்சடிச்சுப் போடுறான்னு அவரைக் கேட்டாங்க. அவருக்கு நிஜமாவே தெரியாது. தெரியாதுன்னு மூணு நாள் சொன்னாரு. ரெண்டு விரல் போச்சு. நாலாம் நாள் தலையைத் தண்ணித் தொட்டியில அமுக்கினாங்க. ஆமா டுவேன், தண்ணிதான். மூணாவது தடவை வெளிய எடுத்தப்ப ஒரு பேர் சொன்னாரு. தினமும் காலையில அவர் பார்க்கிற ஒரே ஆள், தெருவுக்குப் பால் ஊத்துறவர். அந்த மனுஷனுக்கு அதுல சம்பந்தமே இல்ல. அவங்களுக்குச் சரியான பேர் தேவைப்படல, ஒரு பேர் தேவைப்பட்டுது. அப்பாவை அன்னிக்கே விட்டுட்டாங்க. பால்காரரை அடுத்த வாரம் சுட்டாங்க."

ஹார்லன் வாயைப் பிளந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தேழு வருடக் குடித்தனத்தில் அவன் கேட்டிராத செய்தி அது.

"எங்க அப்பா கோழை இல்ல. அவர் தப்பும் பண்ணல. ஆனாலும் உளறினாரு. நெஞ்சுல உரம் இருக்கிறவன் தாங்குவான்னு சொல்றதெல்லாம் தண்ணிக்கு வெளிய நிக்கிறவன் பேச்சு. ஒவ்வொரு மே மாசமும் அவரை வண்டியில ஏத்தி வச்சுக் கை தட்டினீங்க. ஒவ்வொரு மே மாசமும் வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தாரு."

டுவேன் உட்கார்ந்து ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அவன் முகம் சிவந்திருந்தது. "அது ஜெர்மன்காரன் மார்லிஸ்" என்றான் மெல்ல. "நாம வேற."

"அந்தப் பால்காரருக்கு என்ன வித்தியாசம்?"

ஆல்வின் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவருக்கு வீட்டுக்குப் போக வேண்டும். மே மாத ஊர்வலம் வேறு கண்முன்னே வந்திருக்கும். "சரி, விவாதம் போதும். ஆதரிக்கிறவங்க 'ஆம்' சொல்லுங்க."

அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில 'ஆம்' எழுந்தன.

"எதிர்க்கிறவங்க?"

"இல்லை!" பின்னால் கோட்டை மாட்டிக்கொண்டு இருட்டு மூலையில் நின்ற கூட்டம் கூரை அதிரக் கத்தியது. ஒருவன் முகமும் தெரியவில்லை. சத்தம் மட்டும் இருந்தது.

"தீர்மானம் தோற்றது" என்று ஆல்வின் சுத்தியலை எடுத்தார்.

"டிவிஷன்!" என்றாள் மார்லிஸ்.

சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

"மார்லிஸ், தயவுபண்ணி..."

"டிவிஷன் கேக்கிறேன் தலைவரே. ஒருத்தர் கேட்டாலே போதும். அதுக்கு ஓட்டெடுப்பு கிடையாது, விவாதம் கிடையாது, உங்க சம்மதமும் வேண்டியதில்ல. விதிப் புத்தகம் உங்க முன்னாலதான் இருக்கு."

விதி அப்படித்தான் இருந்தது. குரல் வாக்கெடுப்பில் சந்தேகம் என்று ஒரே ஒருவர் சொன்னாலும் அதைத் தள்ளிவிட்டு, ஒவ்வொருவரையும் எழுந்து நிற்கவைத்துத் தலை எண்ண வேண்டும். நாய் லைசென்ஸுக்கு எவரும் அதைக் கேட்டதில்லை. ட்ராவிஸ் தலைவரின் காதில் ஏதோ சொல்லப் போனான். "நீங்க இந்த ஊர்க்காரர் இல்ல, உக்காருங்க" என்றார் ஆல்வின். அவர் எதற்கும் பயப்படுவார். ஆனால் விதியை மீற அதைவிடப் பயப்படுவார்.

"கத்தினது யாருன்னு எனக்குத் தெரியணும்" என்றாள் மார்லிஸ், பின்வரிசையைப் பார்த்து. "சித்திரவதை வேணும்னா வேணும்னு சொல்லுங்க. உங்க ஊர், உங்க கட்சி, நான் தடுக்க முடியாது. ஆனா பக்கத்து வீட்டுக்காரன் பார்க்க, எழுந்து நின்னு சொல்லுங்க."

"ஆதரிக்கிறவங்க எழுந்திருங்க" என்றார் ஆல்வின்.

மார்லிஸ் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். ஹார்லன் எழுந்தான். குட்டி ஸ்டூல் அவனோடு ஒட்டிக்கொண்டு வந்து கீழே விழுந்தது. "நான் அவனுக்குத்தான் ஓட்டுப் போட்டேன்" என்று சபையைப் பார்த்துச் சொன்னான், கேட்காமலே. "அது ஏற்றுமதிக்கு. இது இதுக்கு." அடுத்து, கதவைச் சாத்திய கிழவர் ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார். இரண்டு டீச்சர்கள் எழுந்தார்கள். ஒரு மேசையில் ஒரு குடும்பமே எழுந்தது. செயலாளர் லோயிஸ் விரல் விட்டு எண்ணினாள். பதின்மூன்று.

"உக்காருங்க. எதிர்க்கிறவங்க எழுந்திருங்க."

டுவேன் எழுந்தான். மனதுக்குள் என்ன ஓடியதோ, முகம் கல்லாக இருந்தது. ஆனால் சொன்ன சொல்லில் நின்றான். அவனோடு இன்னும் ஆறு பேர் நின்றார்கள். அவ்வளவுதான். பின்னால் கத்திய கூட்டம் ஸ்டூல்களில் உட்கார்ந்துகொண்டு கையுறை தேடியது, ஷூ லேஸ் கட்டியது, செல்போனில் வானிலை பார்த்தது.

டுவேன் திரும்பிப் பார்த்தான். "கூரை பிச்சுக்கிற மாதிரி கத்தினீங்களேடா? இப்ப எழுந்திருக்கிறதுக்கு என்ன?"

ஒருவரும் தலை நிமிரவில்லை.

"நிக்க முடியாதவனெல்லாம் எதுக்குடா கத்துறீங்க?" அவனுக்கு அவள்மேல் இருந்த கோபத்தைவிட அவர்கள்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. மார்லிஸைப் பார்த்து, "நான் இன்னும் எதிர்ப்புதான்" என்றான்.

"தெரியுது டுவேன். நீயாவது நிக்கிறியே" என்றாள் அவள். அதை அவள் கேலியாகச் சொல்லவில்லை.

பதின்மூன்றுக்கு ஏழு. தீர்மானம் நிறைவேறியது. ட்ராவிஸ் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான். வாசலில் வழுக்கி விழுந்த சத்தம் உள்ளே கேட்டது.

ஆல்வின் படிவத்தை லோயிஸ் பக்கம் தள்ளினார். "கொண்டு வந்தவர் பேர் எழுதியாச்சு. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. 'நாட்டின் நற்பெயரைக் கருதி'ன்னு போட்டுடு, லோயிஸ். வீட்டுக்குப் போலாம்."

"வேண்டாம்" என்றாள் மார்லிஸ். "நான் சொல்றதை எழுது. ஹென்ட்ரிக் போஸ்மா. பால்காரர். வயசு முப்பத்தொண்ணு. ரெண்டு பிள்ளைங்க. கெரிட் வீன்ஸ்ட்ரா தண்ணித் தொட்டியில சொன்ன பேர். அதுதான் காரணம்."

அந்தப் பெயர் அந்த ஊரில் அதுவரை யார் வாயிலும் வந்ததில்லை. அவளை யாரும் அடிக்கவில்லை, அமுக்கவில்லை. அவளாகச் சொன்னாள்.

"யோசிச்சுக்க மார்லிஸ்" என்றார் ஆல்வின். இப்போது அவர் தலைவர் குரலில் பேசவில்லை. "இது மாவட்டத்துக்குப் போகும், பேப்பர்ல வரும். உங்க அப்பா பேரும் கூடவே வரும். மே மாசம் அந்த வண்டியை நாங்க எப்படி..."

"வரட்டும். இவ்வளவு நாள் அப்பா தனியா வண்டியில போனது போதும்."

லோயிஸ் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து எழுதினாள். நிறைய நேரம் எடுத்தது, கட்டம் சின்னது. முடித்ததும், விதிப்படி, எழுதியதைச் சபைக்குச் சத்தமாக வாசித்தாள், இரண்டு பெயரையும்.